அவள் அளவுக்கு வார்த்த வண்டி

இடுப்பு உள்ளே இறங்க மாட்டேன் என்றது. சிந்துஜா மூச்சை முழுக்க வெளியே விட்டு, தோளை ஒடுக்கி, தலைக்கு மேலிருந்த கம்பிக் கூண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் அழுத்தி உட்கார்ந்தாள். வெயிலில் நின்ற இருக்கை தொடையின் இரண்டு பக்கமும் கவ்வியது. போன வருஷம்வரை இதே இருக்கைக்குள், உறைக்குள் மூக்குக்கண்ணாடி இறங்குவதைப் போல இறங்கியவள்தான். கணவன் நவநீதன் போன வாரமே ஹேக்ஸா பிளேடால் இரண்டு ஓரமும் நுரையைச் சீவிவிட்டிருந்தான். பட்டறைத் தரையில் மஞ்சள் மஞ்சளாகத் தூள் விழ, அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள். சீவுவது தன்னைத்தான் என்பது போல ஒரு கூச்சம். “இன்னும் கொஞ்சம் எடுக்கட்டுமா?” என்று அவன் கேட்டதற்குப் போதும் என்றாள். போதவில்லை என்று இப்போது தெரிகிறது. “என்னுங் தம்பி, அம்மிணிக்கே வண்டி பத்தல போலிருக்குது?” என்று வெளியே ஈஸ்வரமூர்த்தியின் குரல் கேட்டது. “புள்ள பெத்த ஒடம்புங்ணா. வண்டி அப்படியேதான் இருக்குது, ஆளுதான் கொஞ்சம் அகலமாயிட்டா,” என்றான் நவநீதன். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வாங்க வந்தவர் சிரித்தால் நல்லதுதான், சிரித்துக்கொண்டே ஓட்டிக்கொண்டு போய்விட்டால் போதும். இந்த வண்டி இன்றைக்கு வேறு யாருடைய வண்டியாகவாவது ஆகிவிட வேண்டும். பட்டறைக்குத் திரும்பக் கூடாது. திரும்பினால் அடுத்த ரேஸ் சீசன் வரும், ஒரு நாள் காலையில் நவநீதன் கையில் டீயோடு வந்து, ‘சிந்து, சும்மா ஒருக்கா ஒக்காந்து பாக்கறியா’ என்பான், அவளும் மாட்டேன் என்று சொல்ல வாய் வராமல் போய் உட்காருவாள், அத்தோடு. ஆனால் ஈஸ்வரமூர்த்தி போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். ஓட்டிக் காட்டோணும், அதுவும் அந்த அம்மிணியே ஓட்டோணும், எம்பட பொண்ணுக்குத்தான் வாங்கறது, பொம்பளப்புள்ள கைக்கு அடங்குதான்னு எங் கண்ணால பாக்கோணும். ஆக, இனிமேல் ஒருபோதும் இதை ஓட்டாமலிருப்பதற்கு இன்றைக்கு ஒரு தடவை ஓட்டியாக வேண்டும்.

நவநீதன் வண்டிக் கதவருகே முட்டி போட்டு பெல்ட்டுகளை எடுத்துவிட்டான். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று. அவள் படித்த கான்வென்டில் சிஸ்டர் ஜெசிந்தா ஸ்கேலைக் கையில் தட்டிக்கொண்டே பெஞ்சு பெஞ்சாக நடந்து வருவார். முழங்கால் இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், பெண்பிள்ளை ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பதே தெரியக் கூடாது. இங்கே முழங்காலை அகட்டாமல் பெல்ட்டே மாட்டாது. முதல் தடவை மாட்டியபோது அவளுக்கு அந்த ஸ்கேல்தான் ஞாபகம் வந்தது, சிரித்துச் சிரித்து ஹெல்மெட் கண்ணாடியெல்லாம் ஆவி. இன்றைக்கும் அந்த ஸ்கேல் ஒரு பக்கம் வந்து தட்டிக்கொண்டே நின்றது, சிரிப்புத்தான் வரவில்லை. ஈஸ்வரமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை வலம் வந்துகொண்டிருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். அன்னூர்ப் பக்கத்து இந்த மனைப்பிரிவும் அவருடையதுதான்; இன்னும் ஒரு வீடுகூட முளைக்காத பொட்டல், நடுவில் தார் மினுங்கும் நேரான அகல ரோடு, இரண்டு பக்கமும் மஞ்சள் வெள்ளை அடித்த அளவுக் கற்கள், கோடியில் ஒரு மேல்நிலைத் தொட்டி. ரோட்டோரத்துக் கற்களைப் பிடுங்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அதற்கு அடுத்த வரிசை அப்படியே நிற்கிறது, அவள் எண்ணாமல் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். “ஏந் தம்பி, ரேஸு வண்டின்னா பின்னாடி வீலுதான தள்ளோணும்? இது முன்னாடியில்ல இழுக்குது, மாட்டு வண்டியாட்ட?” “ஆமாங்ணா, இழுக்கறதுதான்.” “அப்ப கொம்புக்குப் பெயிண்டு அடிச்சு உட்டுறலாம். பொங்கலுக்கு ஆச்சு.” அவருடைய மகள் தர்ஷிகா, காலேஜில் படிக்கிற ஒல்லிப் பெண், “அப்பா, போதும்ப்பா, மானத்த வாங்காதீங்க,” என்றாள். நவநீதன் சிரித்துவிட்டு வழக்கம்போல ஆரம்பித்தான். மூணாவது கியரு கொஞ்சம் மொரடுங்ணா, மழையில வெளிய எடுக்கவே கூடாதுங்ணா, சூடு ஏறுச்சுன்னா கொஞ்சம் சத்தம் போடுமுங்ணா, பயந்துக்காதீங்க. விற்க வந்த இடத்தில் இவனைப் போலக் குறையைத் தேடித் தேடிச் சொல்கிறவன் உண்டா? பெண் பார்க்க வந்தவர்களிடம் எங்க பொண்ணு தூக்கத்துல குறட்டை உடுவா என்று சொல்லுகிற தகப்பன் மாதிரி. சொல்லாதீர்கள், எதையும் சொல்லாதீர்கள், கொடுத்துவிடுங்கள். அவள் பெல்ட் கொக்கியைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள்ளேயே அவனை அதட்டினாள். விற்கலாம் என்று பேச்செடுத்தவள் அவள்தான். பட்டறை வீட்டோடு ஒட்டினது, பெட்ரோல் நெடி தொட்டிலுக்கு வருகிறது, வண்டி நிற்கிற இடத்தில் குழந்தைக்கு ஒரு ரூம் போடலாம் என்று காரணங்களை வரிசையாகச் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்துவிட்டு, சரி என்றான். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் கேட்டிருக்கலாம்.

பயம். அந்தச் சொல் வாயில் வரவே மாட்டேன் என்கிறது. கோயமுத்தூரில் இந்த வண்டியைத் தெரிந்த அத்தனை பேருக்கும் அவள் பயமில்லாதவள். கணபதி ஏரியாவில் இருக்கிற அவர்கள் பட்டறைக்கு வருகிற பையன்கள்கூட அக்காவுக்கு நெஞ்சுல ஈரல் இல்ல, இரும்புதான் இருக்குது என்பார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் தாமிராவை ஈரத்தோடு தூக்கி அவள் மார்பின்மேல் வைத்தார்களே, அந்த நொடியில் எங்கேயோ ஒரு கதவு திறந்துகொண்டது, இன்னும் அடைபடவில்லை. மாடிப்படி பயம். சுற்றுகிற மின்விசிறி பயம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்பைத் தாண்டும்போது கையே தன்னைக் கேட்காமல் குழந்தையை விட்டுவிடும் என்று தோன்றும். தோன்றிய உடனே அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொள்வாள். நகம் வெட்டுகிற கருவியை அலமாரிக்கு மேலே எறிந்துவிட்டு, பல்லாலேயே கடித்து நகத்தை எடுக்கிறாள். குழந்தை தூங்கும்போதெல்லாம் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பாள், காற்று வரும், விரலை எடுத்த உடனே நின்றுவிட்டதோ என்று மறுபடி வைப்பாள். தாய்க்கு இதெல்லாம் இருக்குமா என்று யாரைக் கேட்பது? கேட்டால், இவள் கையில் பிள்ளையைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டால்? இப்போது குழந்தை அதோ சைட் ஆபீஸ் என்று போர்டு போட்ட அந்த ஒற்றை அறையில், நவநீதனின் அக்கா கலாமணியின் மடியில். ஜன்னலைச் சாத்திக்குங்க அண்ணி, காதுல பஞ்சு வெச்சுருங்க, பஞ்சு உள்ள போயிராம பாத்துக்குங்க, வெளிய எடுத்துட்டு வந்துராதீங்க என்று அவள் சொல்லச் சொல்ல கலாமணி, “போ சிந்து, நானும் ரெண்டு பெத்தவதான், போய் உன்ற வண்டிய ஓட்டு,” என்று விரட்டிவிட்டாள். பஞ்சு உள்ளே போயிருக்குமோ? அண்ணி பெரிய உருண்டையாகத்தான் வைத்தாள். வாய்க்குள் போட்டுக்கொள்ளுமோ? கை எட்டாது. எட்டும், போன வாரத்திலிருந்து காதைப் பிடித்து இழுக்கிறதே. காதைப் பிடித்து இழுத்தால் பஞ்சு வரும், வந்தால் வாய்க்குப் போகும். கலாமணி அண்ணி ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள், கீழே பார்க்க மாட்டாள்.

வெளியே நவநீதன் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். தரையில் குந்தி உட்கார்ந்து, சுண்ணாம்புக் கட்டியால் தாரிலேயே படம் போட்டுச் சொல்கிறான். “இங்க பாரு கண்ணு. வண்டி எகிறிக் கெளம்புச்சுன்னா வெயிட்டெல்லாம் பின்னாடி போயிரும். நம்ம வண்டில இழுக்கறது முன்வீலு. முன்னாடி வெயிட் இல்லீன்னா அது சும்மா வழுக்கும். அதனால பின்னாடி இருக்கறத எல்லாம் கழட்டிப்போட்டுட்டேன். சீட்டு, கண்ணாடி, தகரம் எல்லாமே. முன்னாடி பாரு, யானக்கால் மாதிரி டயரு. பின்னாடி மொபெட் டயராட்டம் ஒல்லி. இந்தக் கம்பி ரெண்டும் பின்பக்கம் உக்காராமத் தாங்கறதுக்கு, கொழந்தைக சைக்கிள்ல குட்டி வீலு வெப்பாங்கல்ல, அது மாதிரி.” “அப்ப பின்னாடி வெயிட்டே இல்லீங்களாண்ணா?” “வாலு இருக்குது, அவ்வளவுதான். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்க. ஓடறப்ப வாலு ஆடுச்சுன்னா காலை எடுக்கவே கூடாது. எடுத்தா முன்வீலு கப்புனு புடிக்கும், பின்னாடி லேசா இருக்கறது பம்பரமாட்டம் சுத்தி முன்னால வந்துரும். ஆடுச்சுன்னா இன்னும் மிதிக்கோணும். மிதிச்சா முன்வீலு இழுத்து நேராக்கிரும். பயந்தா மிதி. அதான் இந்த வண்டிக்கு.” பயந்தா மிதி. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான். மூன்று வருஷம் அவளும் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னவள்தான், ஒரு தடவை வால் ஆடியபோது இன்னும் மிதித்து நேராக்கியும் இருக்கிறாள், அன்றைக்கு இறங்கி வந்து ஒரு பாட்டில் கோலி சோடா குடித்துவிட்டு அதோடு மறந்துபோனாள். அன்றைக்கு அந்தக் கால் அவளுடைய கால். இன்றைக்கு? வால் ஆடும், குழந்தை ஞாபகம் வரும், கால் எடுத்துவிடும். தெரிகிறது, இப்போதே தெரிகிறது, வலது பாதத்தின் அடியில் ஒரு துடிப்பு இருந்துகொண்டே இருக்கிறது, ஷூவுக்குள் ஏதோ உயிருள்ளது மாட்டிக்கொண்டது போல. கால் எடுத்துவிடும். வேறு எந்த வண்டியிலாவது பயந்து காலை எடுத்தால் வண்டி மெதுவாகும், பிழைத்துக்கொள்ளலாம். இதில் பயந்தவள்தான் சாக வேண்டும். மஞ்சள் கல், வெள்ளைக் கல், மஞ்சள் கல். செத்துப்போனால் தாமிராவுக்கு அவள் முகம் ஞாபகம் இருக்காது. ஆறு மாதக் குழந்தைக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. போட்டோவைக் காட்டி இதுதான் உங்கம்மா என்பார்கள், எந்தப் போட்டோ? பேப்பரில் வந்தது, ஹெல்மெட்டோடு இருக்கிறதே, அதையா?

இந்த இருக்கையை வார்த்த அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் இந்த நுரைக்குள் எங்கேயாவது இருக்க வேண்டும். கல்யாணமாகி அடுத்த வருஷம். அதுவரை வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த சிநேகிதன் ஆள் கனம், அவன் உட்கார்ந்தாலே பின்பக்கம் தாழ்கிறது என்று நவநீதன் புலம்பிக்கொண்டிருந்தவன், மாவு மில்லில் சும்மா எடைமேடையில் ஏறி நின்ற அவளைப் பார்த்துவிட்டு, வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது, “நீ ஓட்டறியா?” என்றான். அவளை அதுவரை யாரும் எதையும் செய்கிறாயா என்று கேட்டதில்லை. செய்யாதே என்பார்கள், இல்லாவிட்டால் செய் என்பார்கள். ஓட்டறேன் என்று சொல்லிவிட்டாள், உடனே, என்ன ஏது என்று தெரியாமல். பெரிய பாலிதீன் பையில் இரண்டு திரவத்தை ஊற்றிக் கலக்கி வெறும் தகர இருக்கையில் வைத்து, உட்காரு உட்காரு சீக்கிரம் என்றான், உட்கார்ந்தாள். பைக்குள் நுரை பொங்கிச் சூடாக இடுப்பைச் சுற்றி ஏறியது. இட்லி வேகிற சட்டியில் உட்கார்ந்த மாதிரி இருக்குது என்றாள். சிரிக்காதே, சிரிச்சா அச்சு கெட்டுரும் என்று அவன் அவளுடைய இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு தானும் சிரித்தான். ஆறியதும் எழுந்து பார்த்தால் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். தொடை, இடுப்பு, முதுகின் பள்ளம், எல்லாம். அவளுடைய உருவத்தை ஒருத்தன் இப்படி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததும் அன்றைக்குத்தான். பெடலைக்கூட அவள் கால் நீளத்துக்கு இழுத்து வைத்தான், வேறு யார் உட்கார்ந்தாலும் முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கும். தர்ஷிகாவுக்கு வேறு பையை ஊற்றி வேறு இருக்கை வார்த்துத் தருவான். சரி. அதுதான் நியாயம். இந்த நுரையை என்ன செய்வான், பட்டறை மூலையில் போடுவானா? இதில் இருக்கிற பெண்ணுக்குப் பயம் கிடையாது, வயிற்றில் தையல் கிடையாது, அவளைத்தான் அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று சிந்துஜாவுக்குப் பட்டது. கதவருகே குனிந்து பெல்ட்டைக் கடைசியாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, “நல்லா இருக்குதா?” என்றான். தலையை ஆட்டினாள். “ஒரே ஒரு ஓட்டம். முழுசாக்கூட வேண்டாம், பாதி ரோடு போதும், அவருக்குத் திருப்தியாயிரும்.” இவன் இப்படி இதமாகப் பேசினால் அழுகை வந்துவிடும். ஹெல்மெட் கண்ணாடியைச் சட்டென்று இறக்கிவிட்டுக்கொண்டாள்.

எஞ்சினைக் கிளப்பினாள். முதுகுத்தண்டில் ஏறியது சத்தம், பல்லுக்கு வந்தது, அதே நேரத்தில் மார்பில் பால் இறங்கியது. குழந்தை அழுதால் இறங்கும். இந்தச் சத்தத்துக்கு எதற்கு? வைத்திருந்த துணி நனைந்து உள்சட்டை நனைந்து, தோள் பெல்ட்டின் அடியில் சூடாகப் பரவியது. குழந்தை அழுகிறதோ? அழுதால் இங்கே கேட்காது. உடம்புக்கு மட்டும் கேட்டுவிட்டதோ? அவள் சைட் ஆபீஸ் பக்கம் திரும்பப் பார்த்தாள், ஹெல்மெட்டும் கூண்டும் விடவில்லை. கண்ணுக்குத் தெரிவது நேர் ரோடு மட்டும். நவநீதன் முன்சக்கரங்களின் அடியில் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு ஒதுங்கினான். பின்பிரேக்கைக் கையால் பிடித்துக்கொண்டு டயருக்குப் பிடிப்பு வர முன்சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழலவிட்டாள், ரப்பர் சூடாகிப் புகை மண்டியது, தீய்ந்த வாசனை உள்ளே வந்தது. கையும் காலும் அதது வேலையைச் செய்கின்றன. நல்ல வேலைக்காரர்கள். வீட்டு எஜமானி பைத்தியமானது தெரியாமல் பாத்திரம் தேய்க்கிறார்கள். தர்ஷிகா ஜன்னலுக்குக் குனிந்து, “அக்கா! பயமா இருக்குமாக்கா?” என்று கத்தினாள். கேலியில்லை, நிஜமாகவே கேட்கிறாள், கண் விரிந்திருக்கிறது. பத்தொன்பது வயசு. இதே வயசில் சிந்துஜாவை யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இப்போது சொல்லலாம். ஆமாம் கண்ணு, இருக்கும், எனக்கு இருக்கிறது, தொடையெல்லாம் நடுங்குகிறது, கீழே குனிந்து பார். சொன்னால் அப்பனும் மகளும் வந்த காரில் ஏறிப் போய்விடுவார்கள், வண்டி பட்டறைக்குத் திரும்பும். “ஓடறப்ப இருக்காது,” என்று கத்தினாள். பொய். மாதாவே, பொய். மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொள்கிற வீட்டில் பிறந்தவளுக்குப் பயம் வந்தால் கான்வென்ட் ஜெபம்தான் வருகிறது, அதுவும் பாதியில் நின்றுபோகிறது, மரண நேரத்திலும் என்று ஒரு இடம் வருமே, அந்த இடத்துக்கு வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. ஸ்டியரிங்கில் இருந்த, விரலை விடும்வரை வண்டியை நிறுத்தி வைக்கிற சிவப்புப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி, வலது காலை முழுக்க மிதித்தாள். எஞ்சின் முன்னேயும் போகாமல் அடங்கவும் செய்யாமல் நின்ற இடத்திலேயே குரைத்தது. தர்ஷிகா ஓட்டத்தைத் தொடங்கிவைக்க ரோட்டோரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். கால் எடுத்துவிடும். கை இறங்கினால் விரலை விட வேண்டும், விட்டால் வண்டி போய்விடும், போனால் கால் எடுத்துவிடும், எடுத்தால் பம்பரம், பஞ்சு, காதைப் பிடித்து இழுக்கிறதே, அண்ணி கீழே பாருங்கள், கால் எடுத்து

கை இறங்கியது. யாரோ அவளைப் பின்னந்தலையில் பிடித்து இருக்கைக்குள் அமுக்கினார்கள். ரோடு நேராக இல்லை, ரோடு அவள் முகத்துக்குள் வருகிறது, ஸ்டியரிங் இடது பக்கம் பிடுங்குகிறது, கை பிடுங்கித் திருப்புகிறது, முதல் கியர் முடிந்து கை இரண்டைப் போடுகிறது, கற்கள் கற்களாக இல்லை, மஞ்சளாக ஒரே கோடு. பின்னால் வால் அசைந்தது. இடுப்புக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒரு பக்கமாக, குழந்தை வயிற்றுக்குள் புரண்டதைப் போல, மெல்ல. இதோ. இதுதான். இப்போது எடுத்துவிடும். எடு என்று அவளுக்குள் இருந்த அத்தனையும் சொன்னது, ஆறு மாதமாகத் தூங்காத அத்தனையும் ஒரே குரலாக எடு எடு என்று கத்தியது, எடுக்கத்தான் போனாள். ஒளித்து என்ன, எடுக்கத்தான் போனாள். கால் வரவில்லை. இடுப்புக்குக் கீழே அங்கே யாரும் இல்லை. தொடை முட்டி கணுக்கால் எல்லாம் ஒரே கட்டையாக இறுகிப்போய், அவள் இழுக்க இழுக்க அது மிதித்தது. வண்டி நேரானது. கை மூன்றைப் போட்டது, முரடான மூன்று, போட்டுவிட்டது, கியர் மாற்றும்போதும் காலை எடுக்க வேண்டாதபடி நவநீதன் செய்து வைத்திருந்தான், வேண்டியிருந்தாலும் அவளால் எடுத்திருக்க முடியாது. பாதி ரோடு போதும் என்றானே, பாதி ரோடு போய்விட்டது, முடிகிற இடத்தில் நட்ட சிவப்புக் கொடி வந்தது, போனது, கால் அப்படியே மிதிக்கிறது, தண்ணீர்த் தொட்டியின் நாலு தூணும் நாலு பேர் எழுந்து நிற்பதைப் போல எழுந்து நின்றன. தூணுக்கு அடியில் நிழல் இருந்தது. நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. நாய் தலையைத் தூக்கிப் பார்த்ததுகூடத் தெரிந்தது. கைதான், இடது கைதான், யாரும் சொல்லாமல் போய் எஞ்சினை அணைக்கிற சுவிட்சைத் தட்டியது. இடது கால் பிரேக்கைத் தேடி மிதித்தது, டயர் அலறியது, பெல்ட் மார்பை நசுக்கிப் பால் பீறிட்டது, நாய் எழுந்து ஓடியது. வண்டி நின்றது.

அப்புறம் சத்தமே இல்லை. எஞ்சின் தகரம் ஆறுகிற டிக் டிக் மட்டும். முன்னால் தூண், சுண்ணாம்பு அடித்தது, யாரோ போஸ்டர் ஒட்டிக் கிழித்த அடையாளம் இருந்தது. கையை நீட்டினால் தொடலாம் என்று இல்லை, ஆனாலும் கிழிந்த தாளில் மிச்சமிருந்த எழுத்தைப் படிக்க முடிந்தது. அவள் படித்தாள். வாடகைக்கு. மறுபடி படித்தாள். குழந்தை அழுவது காற்றில் மெலிதாகக் கேட்டது, நல்ல தொண்டை, பஞ்சை விழுங்கின குழந்தை இப்படி அழாது. செருப்புச் சத்தம் கேட்டது; நவநீதன் ரோட்டின் நடுவே ஓடி வந்துகொண்டிருந்தான், பின்னால் அந்தப் பெண், அதற்கும் பின்னால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈஸ்வரமூர்த்தி. ஹெல்மெட்டைக் கழற்றினாள். கைகள் நன்றாகவே இருந்தன. நவநீதன் வந்த வேகத்தில் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான், முகமெல்லாம் பல்லாக இருந்தது, கண்ணில் தண்ணீர். “சிந்து. எத்தன வருஷமாச்சு. இப்படி ஒரு ஓட்டத்த… வாலு ஆடுச்சு, நாம் பாத்தன். செத்தாடா நவநீதான்னு நெனச்சன். நீ எடுக்கல! மிதிச்ச பாரு!” “அக்கா, செம்ம!” என்றாள் தர்ஷிகா. “அம்மிணி, மாட்டு வண்டின்னு சொன்ன வாயில அடிச்சுக்கோணும்,” என்றார் ஈஸ்வரமூர்த்தி, மூச்சிரைக்க. “தம்பி, முடிச்சுக்கலாம். நீங்க சொன்னபடியே.” நவநீதன் அவர் பக்கம் திரும்பினான். இரண்டு கையையும் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். அவளுக்கு அந்தத் துடைப்பு தெரியும், ஸ்பேனரைத் துடைக்கிறபோது இருக்கிற அதே முகம். “அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. இது குடுக்கறதா இல்லீங்ணா.”

“என்ன தம்பி, ஓட்டத்தப் பாத்த ஒடனே வெலையக் கூட்டற வேலையா?” “வெலையே இல்லீங்ணா. நீங்களே பாத்தீங்கல்ல. இது இவ ஒடம்புக்குன்னு செஞ்சது. ரூமு கீமு எல்லாம் வேற பக்கம் போட்டுக்கலாம். பாப்பாவுக்கு அத்தை இருக்கறாங்க, பாத்துக்குவாங்க. அடுத்த சீசன் இவளே ஓட்டட்டும். உங்க பொண்ணுக்கு நான் புதுசாவே ஒண்ணு செஞ்சு தர்றனுங்ணா.” பேசிக்கொண்டே அவன் வண்டியின் முகப்பைத் தடவிக்கொண்டிருந்தான். சிந்துஜா பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் கண்முன்னால், அவள் ஓட்டின ஓட்டத்தாலேயே, திரும்பி நடந்து பட்டறைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. “குடுத்துருங்க,” என்றாள். யார் காதிலும் விழவில்லை. “ஏங்க, குடுத்துருங்க.” அவன் திரும்பினான். “எனக்குப் பயமா இருக்குது.” சொல்லிவிட்டாள். நாலு பேர் நிற்கிற ரோட்டில், வெயிலில். நவநீதன் வாய்விட்டுச் சிரித்தான். “கேட்டீங்களாண்ணா? பயந்தவ ஓட்டற ஓட்டமா இது?” ஈஸ்வரமூர்த்தியும் சிரித்தார். “அம்மிணி தமாசும் பண்ணுது.” தர்ஷிகாகூடச் சிரித்தாள். சிரிக்கத்தானே செய்வார்கள், எந்தக் கண் பார்த்தாலும் அதைத் தைரியம் என்றுதான் சொல்லும். இனிமேல் அவள் ஆயுள் முழுக்கப் பயம் பயம் என்று கத்தினாலும் இந்த ஓட்டத்தைக் காட்டி வாயடைத்துவிடுவார்கள். “எறங்கு, வா,” என்று நவநீதன் பெல்ட் கொக்கியைத் தட்டிவிட்டான். பெல்ட்டுகள் விழுந்தன. அவள் எழவில்லை. “இடுப்பு மாட்டிக்கிச்சா?” “கால் வரல.” “மரத்திருக்கும். நல்லா ஒதறு.” “கால் வரலீங்க,” என்றாள் மறுபடியும்.

அவன் சிரிப்பு மாறாமலே கதவருகே தாரில் முட்டி போட்டு, தலையையும் ஒரு தோளையும் உள்ளே நுழைத்து, அவள் முழங்காலுக்குக் கீழே பெடல் பக்கம் கையை விட்டான். எஞ்சின் எப்போதோ அணைந்துவிட்டது. வலது கால் ஆக்சிலேட்டரை இன்னும் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டிருந்தது. அவன் ஷூவின் குதிகாலைப் பிடித்து லேசாக இழுத்தான். வரவில்லை. கணுக்காலைச் சுற்றி விரலை வைத்தான். ஓடுகிற மோட்டாரின்மேல் கையை வைத்து உள்ளே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிற கை அது. கணுக்காலில் வைத்தது, கெண்டைக்காலுக்கு ஏறியது, அங்கே ஒரு நடுக்கம் வெளியே தெரியாமல் தோலுக்கு அடியில் விடாமல் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அவள் குனிந்து பார்த்தாள். அவனுடைய பின்கழுத்தும் வியர்வையில் ஒட்டிய முடியும்தான் தெரிந்தன. இரண்டு கையாலும் பாதத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தளர்த்துகிறவனைப் போல மெல்ல மெல்ல அழுத்திவிட்டான். அவன் தோள் ஆடுவது சிரிப்பினால் இல்லை. வெளியே ஈஸ்வரமூர்த்தி, “என்ன தம்பி, எதாச்சும் ஒடஞ்சுருச்சா?” என்று கேட்டார். “அண்ணா,” என்றான் நவநீதன், தலையை வெளியே எடுக்காமலே. “வண்டிய நீங்களே எடுத்துக்குங்க.”